சீனியின் பெயரில் எழுதிய எண்கள்

ஷர்மினி மிஸ்ஸி மூன்றாவது முறையாகக் கூப்பிட்டபோது ஆம்புரோஸ் சீனியாக இருந்தார்.

முதல் அழைப்பில் அவர் அவராகவே பேசினார். இரண்டாவதில் சதாசிவமாக, கொஞ்சம் மூக்கால். இப்போது கைப்பேசியை இடது காதுக்கு மாற்றித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சீனியைப் போலவே ஒவ்வொரு பதிலின் வாலிலும் ஒரு 'லா' சேர்த்தார். ஈப்போ ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்த அந்த நர்ஸ் பெண் ஏழு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டாள். மூத்திரம் போன பிறகும் மிச்சம் இருக்கிறமாதிரித் தோன்றுகிறதா. நடுவில் நின்று நின்று வருகிறதா. முக்க வேண்டியிருக்கிறதா. இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும், தொல்லைக்குத் தக்கபடி, பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை ஓர் எண். ஆம்புரோஸ் பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கூட்டினால் நான்கு. போன வருஷமும் நான்குதான்.

அவளிடம் எட்டாவதாக ஒரு கேள்வி இருந்தது. இனி வாழ்நாள் முழுக்க இப்படியே இருக்கும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

"திருப்திதான் லா," என்றார் ஆம்புரோஸ்.

ஐந்து வருஷங்களுக்கு முன் மற்ற இருவரையும் தன்னோடு ஈப்போவுக்குக் கூட்டிப்போனவர் அவர். ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வீங்கி மூத்திரப் பாதையை நெருக்கும் புரோஸ்டேட் சுரப்பிக்குள் சூடான நீராவியைச் செலுத்திச் சுருங்க வைப்பார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். பதிலுக்கு ஐந்து வருஷம், வருஷத்துக்கு ஒரு பாரம் நிரப்பித் தபாலில் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். இந்த வருஷப் பாரங்கள் போய்ச் சேர்ந்த பிறகுதான், சரிபார்க்க என்று போனில் கூப்பிட்டார்கள். சீனியும் சதாசிவமும் அவரோடு ஒரே ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர்கள். தோட்டம் கைமாறி, ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிப் பல வருஷமாகிவிட்டது. மூவரும் ஆயர் தாவார் ஊரில் அடுத்தடுத்த தாமான் குடியிருப்புகளில் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனாலும் ஆங்கிலத்தில் எந்தக் கடிதம் வந்தாலும் அதை ஆம்புரோஸிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். ஆகவே மூன்று பாரங்களுக்கும் அவருடைய முகவரி, அவருடைய கைப்பேசி எண். அவரே நிரப்பி, பழக்கதோஷத்தில் நகல் எடுத்து, அவரவர் ஃபைலில் வைத்துக்கொள்ளக் கொடுத்தும் விடுவார்.

அது தோட்டத்து வழக்கம்தான். விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது வராதவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் குரல் கொடுப்பான். இல்லையென்றால் அவனுக்கு அன்றைய சம்பளம் போய்விடும். குரல் மாறுவது கிராணிக்குத் தெரியும். தெரிந்தே கோடு போடுவார்.

கேள்விகள் முடிந்தும் ஷர்மினி போனை வைக்கவில்லை.

"அங்கிள், ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்காதீங்க. மூணு போன்லயும் பின்னால ஒரே சேவல் கூவுது."

ஆம்புரோஸ் வேலிக்கு அப்பால் பார்த்தார். பக்கத்து வீட்டுச் சேவல் குப்பைத் தொட்டியின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"கடைசி மூணு வருஷமா மூணு பேருக்கும் நாலு. எழுத்தும் ஒரே எழுத்து. நான் சண்டை பிடிக்கல. இந்த வைத்தியம் எத்தன பேருக்கு அஞ்சு வருஷம் தாங்குது, யாருக்குத் தாங்கலன்னு பாக்கத்தான் கேக்குறோம். நிறையப் பேரு நல்லா இருக்காங்க. சில பேருக்குத் திரும்ப அடைச்சுக்கும். மெல்ல மெல்ல அடைச்சா வலியே இருக்காது, அங்கிள். கிட்னி போறது அவங்களுக்கே தெரியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "சீனி அங்கிளை எப்பப் பாத்தீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சீனி இப்போதெல்லாம் கடைப்பக்கம் வருவதில்லை. வயதாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஷர்மினி, இப்போதே போய்ப் பாருங்கள் என்றாள். பார்த்துவிட்டு இதே எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்றாள். குரலில் கோபம் இல்லாததுதான் அவரை எழ வைத்தது.

சீனியின் வீட்டு வேலியில் ஒரு மெத்தை காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் பெரிய மஞ்சள் வட்டம், அதன்மேல் இன்னொரு வட்டம், ஓரத்தில் மூன்றாவது. காரை நிறுத்திவிட்டு ஆம்புரோஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ தெரியாத நாட்டின் வரைபடம்போல இருந்தது.

சீனியின் மனைவி நவமணி கதவைத் திறந்தாள். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை என்றாள். இரண்டு வாரமாக இப்படித்தான். சாப்பாடு இறங்குவதில்லை, விக்கல் நிற்பதில்லை, உடம்பெல்லாம் அரிப்பு. கால் வீங்கியிருக்கிறது. பக்கத்து கிளினிக்கில் நீர் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

மூத்திரம் போகிறதா என்று ஆம்புரோஸ் கேட்டார்.

"அதுக்கு ஒரு குறையும் இல்லண்ணே. நிக்கவே மாட்டேங்குது. தூக்கத்துலயும் போயிட்டே இருக்கு. அடைச்சாத்தானே பயம், இது ஒழுகுது."

அறைக்குள் மூத்திர நாற்றம். சீனி மல்லாந்து படுத்திருந்தான். கைகள் குச்சியாகிவிட்டிருந்தன. கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஆனால் வயிறு மட்டும் கைலிக்கு மேல் உருண்டையாக எழும்பி நின்றது. ஆம்புரோஸ் தோளைத் தொட்டு எழுப்பினார். சீனி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். அடையாளம் தெரிய நேரம் எடுத்தது.

"கிராணி," என்றான். "பாரம் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"ராத்திரி ஒழுகுறதையும் போட்டியா? போன வருஷமே சொன்னேன்ல."

சொன்னான். அதற்கு முந்தின வருஷமும் சொன்னான். போன பிறகும் மிச்சம் இருக்கிறது, நாலு தடவை எழுந்திருக்கிறேன் என்றான். போட்டுக்கறேன் என்று சொல்லி ஆம்புரோஸ் பூஜ்யம் எழுதினார். அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது. இரண்டாவது வருஷம் அவர் தனக்கு உள்ளதை உள்ளபடியே எழுதியிருந்தார். பத்தொன்பது. உடனே ஈப்போவுக்கு வரச் சொன்னார்கள். ஓர் இளம் டாக்டர் உள்ளே கருவி விட்டுப் பார்த்தார். பின் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று படம் வரைந்து காட்டினார். ஆம்புரோஸ் அன்று ஆஸ்பத்திரிப் படியில் காலை அகட்டி அகட்டி இறங்கினார். வீட்டுக்கு வந்ததும், இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு கடிதம் எழுதிப் போட்டார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் நான்குதான். தன் கூட்டாளிகளுக்கு அந்தப் படியை மிச்சப்படுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டார். இன்னொன்றும் இருந்தது. ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்று அவர்களைக் கூட்டிப்போனவர் அவர்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா இவரு கேட்டாத்தானே," என்று நவமணி பின்னாலிருந்து சொன்னாள். "வருசா வருசம் நாமதான் எல்லாத்தையும் சொல்லிட்டிருக்கோம், அவங்க ஒண்ணும் சொல்லலைன்னா சரியாத்தான் இருக்கும்கிறாரு."

ஆம்புரோஸ் வாசலுக்கு வந்து ஷர்மினியைக் கூப்பிட்டார். தன் குரலில் பேசினார். பார்த்ததையெல்லாம் சொன்னார். விக்கல் என்றதும் அவள் நடுவில் மறித்தாள். உள்ளே போய் வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொப்புளுக்குக் கீழே. அவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கையை வைத்தார். தொப்பை என்றால் மெத்தென்று இருக்கும். இது கெட்டியாக, உரித்த தேங்காயை வைத்துத் தைத்ததுபோல் தொப்புள்வரை ஏறி நின்றது. அழுத்தியபோது சீனி முகம் சுளிக்கவில்லை. கைலியில் மட்டும் ஈரம் பரவியது.

"நெறஞ்ச தண்ணித் தொட்டி வழியிற மாதிரி, அங்கிள். அதான் ஒழுகுது. ஈப்போவுக்கு வராதீங்க, தூரம். பக்கத்துல இருக்கற கவர்மெண்ட் ஆஸ்பத்திரி எமெர்ஜென்சிக்கு இப்பவே போங்க. மூத்திரம் வெளியாகல, கிட்னி பாருங்கன்னு சொல்லுங்க. அத மொதல்ல சொல்லுங்க."

சீனியைத் தன் சின்ன 'கஞ்சில்' காரின் பின்சீட்டில் படுக்க வைப்பதற்குள் ஆம்புரோஸுக்கு மூச்சு வாங்கியது. நவமணி உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துவந்தாள். ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் வருஷவாரியாக இதில் இருக்கிறது என்றாள். அவர் கொடுத்த நகல்கள். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று அவருக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அரை மணி நேரப் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. முந்துவதற்கு இடம் கிடைக்கவில்லை. பின்னாலிருந்து விக்கல் சத்தம் ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தது. ஆம்புரோஸ் அதை எண்ணத் தொடங்கினார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இடைவெளி நீண்டபோது அவருடைய கால் தானாக பிரேக்கை மிதித்தது. நவமணி முன்சீட்டிலிருந்து பின்னால் எட்டிக் கணவனின் கன்னத்தைத் தட்டினாள். எட்டாவது விக்கல் வந்தது. லாரி ஒரு மண்பாதையில் திரும்பி வழி விட்டது.

எமெர்ஜென்சி வாசலில் ஒரு கவுண்டர். அங்கே நீல உடுப்புப் போட்ட மலாய் இளைஞன் ஒருவன் வருகிறவர்களை மூன்று நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தான். சிவப்பு உடனே உள்ளே. மஞ்சள் கொஞ்ச நேரத்தில். பச்சை என்றால் கூடத்து நாற்காலி. கூடத்தில் நாற்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணி நேரம் ஆகும் என்று சுவரில் ஒரு திரை சொன்னது.

ஆம்புரோஸ் மலாயில், மூத்திரம் வெளியாகவில்லை, கிட்னியைப் பாருங்கள் என்றார். இளைஞன் சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்த சீனியைப் பார்த்தான். கைலி நனைந்திருந்தது. போகிறதே என்றான். ரத்த அழுத்தம் பார்த்தான். காலை அழுத்திக் குழி விழுவதைப் பார்த்தான். நவமணி ஃபைலை நீட்டினாள். அவன் மேலே இருந்த பாரத்தைப் படித்தான். முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை ஆம்புரோஸ் கவனித்தார். நேரமில்லாதவனுக்குத் தெளிவான காகிதம் கிடைக்கும்போது வருகிற நிம்மதி. புரோஸ்டேட் சிகிச்சை முடிந்து ஐந்து வருஷம், மதிப்பெண் நான்கு, நோயாளி திருப்தி. போன வருஷமும் நான்கு. அதற்கு முன்பும். அப்படியானால் இது புரோஸ்டேட் இல்லை, காலில் நீர் என்றால் இதயமாக இருக்கலாம், ஈ.சி.ஜி. எடுக்கக் கூப்பிடுவார்கள் என்று சொல்லிப் பச்சை அட்டை ஒன்றை எடுத்தான்.

"துங்கு டுலு, பாக்சிக்." காத்திருக்கச் சொல்லிவிட்டு அவருக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தான்.

ஆம்புரோஸ் நகரவில்லை. அந்த எண் தப்பு என்றார். எப்படித் தப்பு, உங்கள் ஆள் எழுதியதுதானே என்று இளைஞன் கேட்டான். பின்னால் இருந்தவர் தன் வரிசைச் சீட்டைக் காட்டி முன்னே வந்தார். சீனியின் தலை மார்பில் விழுந்திருந்தது. விக்கல் நின்றுவிட்டிருந்தது. நவமணி பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றாள். அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும்.

"நான் எழுதினேன்," என்றார் ஆம்புரோஸ் மலாயில். குரல் கீச்சென்று வந்தது. மறுபடியும் சொன்னார். "இது எல்லாம் நான் எழுதினது. அவனைக் கேட்டு எழுதல. அவன் மூணு வருஷமா வெளியாகலைன்னு சொல்லிட்டிருந்தான், நான் பூஜ்யம்னு போட்டேன். கையெழுத்தும் நான்தான். இந்தக் காகிதத்தை நம்பாதீங்க."

கூடத்தில் ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள். இளைஞன் பாரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, சீனியின் சட்டையைத் தூக்கி, தொப்புளுக்குக் கீழே கையை வைத்தான். ஒரு நொடிதான். உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டான். பச்சை அட்டை தரையில் கிடந்தது. சக்கர நாற்காலி இரட்டைக் கதவைத் தள்ளிக்கொண்டு சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போனது.

கதவு ஆடி ஆடி நின்றது. நவமணி ஃபைலை மூடினாள்.

"மூணு வருசமா," என்றாள், "ராத்திரி பாய மாத்தும்போதெல்லாம், ஆஸ்பத்திரிக்குத் தெரியும், பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து நாற்காலியில் ஃபைலை வைத்தாள், அங்கே அவர் உட்காராதபடி.

ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண் டாக்டர் வந்தார். குழாய் போட்டதும் இரண்டு லிட்டருக்கு மேல் வெளியானது என்றார். சிறுநீரகம் இரண்டும் வீங்கியிருக்கின்றன. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகியிருக்கிறது. அதற்கு ஊசி போட்டிருக்கிறோம். பச்சைக் கூடத்தில் முறை வரும்வரை உட்கார்ந்திருந்தால் இதயம் நின்றிருக்கலாம். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த எண், கிரியாட்டினின், ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது. நூற்றுக்குள் இருக்க வேண்டும். இறங்கினால் தப்பித்தார். இறங்காவிட்டால் டயாலிசிஸ். இரண்டு மூன்று நாளில் தெரியும்.

நவமணி அந்த எண்ணை இரண்டு தடவை திருப்பிக் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டாள். ஆம்புரோஸைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அவர் சதாசிவத்தைக் கூப்பிட்டார். சீனியை வார்டில் சேர்த்திருப்பதைச் சொல்லி, நீயும் நாளைக்கே ஈப்போவுக்குப் போய் ஸ்கேன் எடு என்றார். சதாசிவம் சிரித்தான். எனக்கு நாலுதானே, நீயே போட்டுக் கொடுத்தாயே, ஃபைலில் இருக்கிறது, பிறகென்ன என்றான். ஆம்புரோஸ் சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்றார். பார்க்கலாம் என்றான் சதாசிவம். போன் வைத்தாயிற்று.

மறுநாள் எண்ணூற்றுச் சொச்சம். போனில் விசாரித்த ஷர்மினியிடம் நவமணி அதைச் சொல்லி, ஷர்மினி ஆம்புரோஸிடம் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் நானூற்றுப் பத்து. அந்த இரண்டு நாளும் ஆம்புரோஸ் ஆஸ்பத்திரிக் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். மேலே போகவில்லை. அவருக்கும் முட்டிக்கொண்டு வரும். கீழ்த்தளக் கழிப்பறையில் போய்ச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நிற்பார். சொட்டுச் சொட்டாக வரும். உள்ளே மிச்சம் எவ்வளவு என்று இப்போது அவருக்குக் கணக்குப் போடத் தெரிந்திருந்தது.

நான்காம் நாள் நவமணியே போன் செய்தாள். "அவரு உங்கள வரச் சொல்றாரு," என்றாள். அவ்வளவுதான்.

சீனி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் இன்னும் வெளிறியிருந்தது, ஆனால் கண் தெளிந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே மூத்திரப் பை தொங்கியது. நவமணி ஜன்னல் பக்கம் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆம்புரோஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

சீனி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"வா, கிராணி. மூணு வருசமா என் பேர்ல நீ மூத்திரம் பேஞ்சிருக்கே."

பக்கத்துக் கட்டில் கிழவர் சிரித்துவிட்டார். சீனி சிரிக்கவில்லை. ஆம்புரோஸ் மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். சீனி கையை உயர்த்தி அதை நிறுத்தினான். எண் இருநூற்றி இருபதில் நிற்கிறது என்றான். டயாலிசிஸ் வேண்டாம், ஆனால் கிட்னி பழையபடி ஆகாது. குழாயோடு வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வர வேண்டும். அப்போது புரோஸ்டேட்டை அறுத்து எடுப்பார்கள்.

"நெசமா உனக்கு எத்தன?" என்று கேட்டான்.

ஆம்புரோஸ் நவமணியைப் பார்த்தார். அவள் பழத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருவத்தி மூணு."

"சதாசிவத்துக்கு?"

"தெரியாது. அவன்கிட்ட நான் ரெண்டு வருசமா கேக்கவே இல்ல."

சதாசிவத்திடம் சொல்லிவிட்டாயா என்று சீனி கேட்டான். போகச் சொன்னேன், கேட்கவில்லை என்றார் ஆம்புரோஸ்.

"போன்னு சொன்னா எப்படிப் போவான்? கையில நீ குடுத்த நாலு இருக்கு. நீ எழுதுனது பொய்யின்னு அவன் மூஞ்சியப் பாத்து சொல்லணும். அடிச்சாலும் அடிப்பான். வாங்கிக்க." சீனி தலையணையில் சாய்ந்தான். "அவன் ஈப்போவுல ஸ்கேன் எடுத்துட்டு வாரதுக்கு முன்னால நீ இங்க வராத."

திரும்பும் பாதையில் மழை பிடித்துக்கொண்டது. சதாசிவத்தின் வீட்டு முன்கூரையின் கீழே அவனுடைய பேத்தியின் சைக்கிள் இருந்தது. துணி காயப்போடும் கொடியில் இரண்டு கைலிகள் தொங்கின. ஈரமா, காய்ந்தவையா என்று தெரியவில்லை. சதாசிவம் வெளியே வந்தான். சீனி பிழைத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன், நல்லவேளை என்றான். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளே திரும்பிக் காப்பி கலக்கச் சொன்னான்.

ஆம்புரோஸ் உட்காரவில்லை. நனைந்த சட்டையோடு படியில் நின்றார்.

"காப்பி இருக்கட்டும்," என்றார். "அந்த ஃபைல எடுத்துட்டு வா, சதாசிவம். அதுல இருக்கறது ஒண்ணும் நெசமில்ல."